அச்சு முறிந்த ஊரிலே

சகோதரிகளே, பிறருக்குப் புத்தி சொல்வதைப் போலச் சுலபமான காரியம் உலகத்தில் வேறொன்றும் இல்லை. அடுப்பை மூடினாயா, கதவைப் பூட்டினாயா, ரயிலிலே போகும்போது குழந்தை கழுத்தில் சங்கிலி எதற்கு என்றெல்லாம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துப் பேனாவை மூடியவுடன் நானே அவற்றை மறந்துவிடுவேன் என்பதை மட்டும் இதுவரையில் எழுதியதில்லை. இந்த வாரம் அதையும் சொல்லிவிடத் தீர்மானித்திருக்கிறேன். காரணம், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் ஒரு பாடம், இரவில் ஒரு பாடம். இரண்டையும் கற்பித்தவள் எழுபத்து நாலு வயதான என் அத்தை.

அத்தைக்கு வெகு நாளாக ஓர் ஆசை. அச்சரப்பாக்கம் போய் ஆட்சீஸ்வரரைத் தரிசிக்க வேண்டுமாம். சென்னையிலிருந்து திருச்சி போகும் பெருஞ்சாலையில் மதுராந்தகமும் மேல்மருவத்தூரும் தாண்டியவுடனே இருக்கிற ஊர் அது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். ஊருக்குப் பெயர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

திரிபுரத்தை எரிப்பதற்காகப் பரமசிவன் புறப்பட்டார். தேவர்கள் கூடித் தேர் செய்து கொடுத்தார்கள். பூமியே தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நாலு வேதங்கள் குதிரைகள், பிரம்மதேவர் சாரதி. இத்தனை ஏற்பாடும் செய்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துபோனார்கள். பிள்ளையாரைக் கும்பிடவில்லை! தேர் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, அச்சு முறிந்துவிட்டது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆயிற்று. அதுவே பேச்சு வழக்கில் அச்சரப்பாக்கம். அருணகிரிநாதர் திருப்புகழிலே இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கோயிலிலே அச்சுமுறி விநாயகர் என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

இந்தக் கதைக்கு அத்தை சொல்லும் அர்த்தம் எனக்குப் பிடிக்கும். "பிள்ளையாருக்குக் கும்பிடு போடறதுன்னா என்னடி? புறப்படறதுக்கு முன்னாலே வாசல்லே ஒரு நிமிஷம் நிக்கிறது. நின்னா, எதை மறந்தோம்னு ஞாபகம் வரும். ஓடினா வராது" என்பாள்.

அன்று காலை நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒரு நிமிஷம்

என் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். அத்தை, நான், பதினாலு வயதுப் பையன், ஒன்பது வயதுப் பெண், ஆக நாலு பேர். தாம்பரத்தில் விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அத்தை மட்டும் நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"குழந்தைகளா, கேட்டுக்கோங்க. வழியிலே யாராவது தவறிப்போனா, ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு அலையக் கூடாது. எல்லாரும் நேரே கோயில் கோபுர வாசலுக்கு வந்து நிக்கணும். புரிஞ்சுதா?"

பையன் சிரித்துவிட்டான். "பாட்டி! செல்போன் எதுக்கு இருக்கு?" என்றான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"காஸை மூடினாயா?"

"மூடியாச்சு, வாங்க அத்தை!" என்றேன். போய்ப் பார்த்துவிட்டா சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிற்று. போதாக்குறைக்கு, "எங்கேயாவது வைத்துவிடுவீர்கள்" என்று அத்தையின் செல்போனை வாங்கி என் கைப்பையிலே போட்டுக்கொண்டேன்.

மேல்மருவத்தூர் வரையில் வண்டியில் நிற்க இடமில்லை. அங்கே செவ்வாடை பக்தர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள், பெட்டி காலியாயிற்று. அத்தை கை கழுவுவதற்காகப் பெட்டியின் மறு கோடிக்குப் போனாள். அடுத்த ஸ்டேஷனே அச்சரப்பாக்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை. வண்டி நின்றதும், அத்தை பின்னால்தான் வருகிறாள் என்ற நினைப்பிலே பெண்ணை இறக்கி, பையை இறக்கி, பையன் குதித்தபின் திரும்பிப் பார்த்தேன். மறு கோடிக் கதவில் அத்தை நிற்கிறாள். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. "இறங்குங்க அத்தை, இறங்குங்க!" என்று கத்தினேன். ஓடுகிற ரயிலிலிருந்து, எழுபத்து நாலு வயதுக் கிழவியை! பையன் அவள் கையைப் பிடிக்க ஓடினான். அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்காவது புத்தி இருந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அத்தை இறங்கவில்லை. தலையை மட்டும் 'வேண்டாம்' என்று ஆட்டிவிட்டு, இரண்டடி உள்ளே போய் நின்றுகொண்டாள். வண்டி போய்விட்டது.

கைப்பையில் அடித்த மணி

உடனே செல்போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எங்கே அடித்தது தெரியுமா? என் கைப்பைக்குள்ளேயே அடித்தது.

ஸ்டேஷனிலே இருந்தவர்கள் நல்லவர்கள். அடுத்த ஸ்டேஷனான தொழுப்பேட்டுக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். நான் 139-க்கும் பேசினேன். 2021-லிருந்து ரயில் சம்பந்தமான விசாரிப்பு, புகார், பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே!

"அவங்களுக்கு உங்க நம்பர் மனப்பாடமாத் தெரியுமா?"

தெரியாது.

"கையிலே விலாசம், ஏதாவது சீட்டு?"

இல்லை.

"என்ன கலர் புடவை கட்டியிருக்காங்க?"

காலையிலிருந்து கூடவே உட்கார்ந்து வந்தவள்! என்ன புடவை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பெண்தான், "கத்தரிப்பூ கலர், மஞ்சள் கரை" என்றாள்.

கால் மணி கழித்துப் பதில் வந்தது. தொழுப்பேட்டில் வண்டி நின்று புறப்பட்டுவிட்டது. பிளாட்பாரத்தில் அப்படி யாரும் இல்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை வியாதிக்காரி. காலையில் காபி மட்டும் குடித்தவள். மாத்திரை என் பையிலே. எங்கே போய்த் தேடுவது?

அப்போதும் என் பெண்தான் என் புடவைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, பாட்டி கோபுர வாசலுக்குத்தானே வரச் சொன்னாங்க?"

ஓடினோம். கோபுர வாசலிலே அத்தை இல்லை. நான் நின்ற பத்து நிமிஷம் பத்து வருஷம் போல இருந்தது. பிறகு, ஒரு பூக்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவள் போல அத்தை வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி அழறே? நான்தான் சொன்னேனே, இங்கேதான் வருவேன்னு" என்றாள்.

நடந்தது இதுதான். தொழுப்பேட்டிலே வண்டி நன்றாக நின்றபின் இறங்கினாளாம். பூக்கூடையோடு இறங்கிய ஒரு பெண்ணிடம் வழி கேட்டாளாம். அவளும் அச்சரப்பாக்கத்துக்குத்தான் வருகிறாள். இருவரும் பேசிக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்கள். "காசுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாள். எந்த ஊருக்குப் போனாலும் அதிலே இருநூறு ரூபாய் இருக்குமாம். "உன் பையை நம்பியா நான் வீட்டை விட்டுக் கிளம்புவேன்?"

அத்தை செய்த நாலு காரியம்

யோசித்துப் பாருங்கள். பிரயாணத்தில் பாதுகாப்பு என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதுவதெல்லாம் அத்தை செய்த நாலு காரியத்தில் அடக்கம்.

முதலாவது, சந்திக்கிற இடத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தாள். செல்போன் தொலையலாம், மின்சாரம் தீர்ந்து அணையலாம், என்னைப் போன்ற புத்திசாலி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம். கோபுரம் எங்கும் போகாது. திருவிழாவோ, கடற்கரையோ, கல்யாண வீடோ, எங்கே போனாலும் குழந்தைகளுக்கு ஒரு 'கோபுர வாசல்' சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, ஓடும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. நகரும் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விழுந்து உயிரையும் காலையும் இழந்தவர்கள் அநேகம். தவறவிட்ட ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்துவிடலாம். போன கால் திரும்பி வராது. யாராவது தவறிவிட்டால் "அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே இரு" என்றுதான் கத்த வேண்டும். வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு உண்மையான ஆபத்து என்றால் அபாயச் சங்கிலி இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால்தான் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி தண்டனை.

மூன்றாவது, காசைத் தன் உடம்போடு வைத்திருந்தாள். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைப்பதும், செல்போனிலேயே பணம் கட்டிவிடலாம் என்று வெறுங்கையோடு புறப்படுவதும் ஒன்றுதான்.

நாலாவது, யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தாள். உதவி செய்கிறேன் என்று தானாக வலிய வருகிறவனைவிட, நாமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்கிற ஆளே நல்லது. உடுப்பு அணிந்த உத்தியோகஸ்தர், கடை வைத்திருப்பவர், குழந்தையோடு வருகிற ஒரு தாய் - குழந்தைகளுக்கும் இப்படியே சொல்லிக் கொடுங்கள்.

அத்தை செய்யாதது ஒன்று உண்டு. என் எண் அவளுக்கு மனப்பாடமில்லை. அந்தக் காலத்திலே ஊரிலுள்ள பத்து வீட்டு டெலிபோன் எண் நமக்குத் தெரியும். இப்போது கணவன் எண்ணைச் சொல்லத் தெரிந்த மனைவி எத்தனை பேர்? வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இரண்டு எண்களை நெட்டுருப் போட வேண்டும். அன்றிரவே எங்கள் வீட்டில் பாடம் ஆரம்பமாயிற்று. அத்தை ராகம் போட்டுக் கற்றுக்கொண்டுவிட்டாள். புறப்படுமுன் எல்லோரையும் நிறுத்தி ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புடவைக் கலர் கேட்டால் விழிக்க வேண்டாம்.

சாலையிலே

தரிசனம் ஆயிற்று. அச்சுமுறி விநாயகர் முன்னால் அத்தை வழக்கம்போல் ஒரு நிமிஷம் நின்றாள். நின்றவள் திரும்பி, "காஸை நிஜமாவே மூடினாயா?" என்றாள்.

பகீரென்றது. அடுப்பின் திருகைத் திருகியது நினைவிருந்தது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினேனா? எதிர் வீட்டு மாமிக்குப் பேசினேன். மாமி வீட்டில்தான் இருந்தார். சாவி அவரிடம் இல்லை; இரண்டு சாவியும் என் பையிலேயே இருந்தன! அவசரத்துக்குத் திறக்க நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ரயிலுக்குக் காத்திராமல் பஸ்ஸில் திரும்பினோம். மேல்மருவத்தூரைத் தாண்டும்போது ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசாங்கமே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். இத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டினால்தான் தொடுவோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. "போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே" என்று அடிபட்டவரைத் தூக்கப் பயப்படவும் வேண்டாம். உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றால், காருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் சாலையை விட்டு விலகி, ஓரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். இருட்டிலே வேகமாக வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் உண்டு.

மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களுக்கும் ஒன்று. அந்தக் கடல் அழகானது, குளிப்பதற்கு ஏற்றதல்ல. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் நீந்தத் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். கணுக்கால் நனைந்தால் போதும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வருமுன் அங்கே கடல் பின்வாங்கியது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல், மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

தொடாதே!

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே இருள். இருட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். என் கையும் போயிற்று.

"தொடாதே!"

என் மணிக்கட்டை அத்தை பிடித்த பிடியில் இரண்டு வளையல் நொறுங்கிற்று. அப்புறம்தான் எனக்கு அந்த வாசனை தெரிந்தது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றம்.

சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கி நிற்கும். ஜன்னலை எல்லாம் சாத்திப் பூட்டிவிட்டுப் போன வீட்டில் அது எங்கே போகும்? சுவிட்சைப் போடும்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பொறி எழும். அந்தப் பொறி ஒன்று போதும்.

குழந்தைகளை வாசலுக்கு அப்பால் அனுப்பினோம். விளக்கில்லை, தீக்குச்சி இல்லை, செல்போன் வெளிச்சமும் இல்லை. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். தட்டுத் தடுமாறிப் போய் ரெகுலேட்டரை மூடினேன். அது திறந்தேதான் இருந்தது. பிறகு தெருவுக்கு வந்து, அங்கிருந்து 1906-க்குப் பேசினேன். காஸ் கசிவுக்கென்றே 2016-ல் ஏற்படுத்திய எண். இரவும் பகலும் ஆள் உண்டு.

வந்த மெக்கானிக் ரப்பர் குழாயைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் வளைத்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு வெடிப்பு. "இதை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்மா. மேலே தேதி போட்டிருக்கு பாருங்க. எட்டு வருஷமாச்சு" என்றார். அடுப்பின் திருகை மட்டும் மூடினால், குழாயில் காஸ் நின்றுகொண்டேதான் இருக்கும். ரெகுலேட்டரையும் மூடியிருந்தால், வெடித்த குழாயால் ஒரு கெடுதலும் வந்திராது.

எட்டு வருஷம்! இந்த எட்டு வருஷத்தில் நான் உங்களுக்கு எத்தனை புத்தி சொல்லியிருப்பேன்!

வாசலில் நின்று கேட்டுக்கொள்ள

இப்போது எங்கள் வீட்டு நிலைக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பையன் எழுதி ஒட்டினான். உங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

1. ரெகுலேட்டர் மூடியாயிற்றா? ராத்திரி படுக்குமுன்னும் இதே கேள்வி.

2. தண்ணீர்க் குழாய், இஸ்திரிப் பெட்டி, சுவாமி விளக்கு?

3. இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

4. ஒவ்வொருவர் உடம்பிலும் கொஞ்சம் பணம், ஒரு சீட்டில் பெயரும் இரண்டு எண்களும் இருக்கின்றனவா? அவரவர் செல்போன் அவரவரிடம் இருக்கிறதா?

5. பெரியவர்களின் மாத்திரை அவர்களிடமே இருக்கிறதா?

6. தவறினால் எங்கே சந்திப்பது?

7. வீடு பூட்டிக் கிடப்பதை ஊரறியச் செய்கிறோமா? பிரயாணப் படங்களைத் திரும்பி வந்தபின் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பல நாள் போவதானால் பேட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி வைக்கலாம்.

எண்களையும் கீழே எழுதியிருக்கிறோம். எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. ரயிலில் 139. காஸ் கசிவு 1906. செல்போனில் பணத்தை ஏமாற்றிப் பறித்தால் தாமதிக்காமல் 1930. இவை தவிர, 2022-ல் தமிழ்நாடு போலீஸார் வெளியிட்ட 'காவல் உதவி' செயலியையும் வீட்டுப் பெண்கள் செல்போனில் வைத்துக்கொள்வது நல்லது.

சகோதரிகளே, இதைப் படித்தவுடன் எழுந்து போய் உங்கள் காஸ் குழாயில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இந்த வாரத் தொடர்கதையை அப்புறம் படிக்கலாம். கதாநாயகி எங்கும் ஓடிவிட மாட்டாள்.

இதை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரிதான். உடைஞ்ச வளையலுக்கு நான் புது வளையல் வாங்கிக் கொடுத்தேனே, அதை எழுதலையே?" என்றாள்.

எழுதிவிட்டேன், அத்தை.